இடுக்கி வளைவணை

ஓடும் நீரைக் குறுக்கே மறித்து, அதன் மட்டத்தை உயர்த்தித் தேக்கிவைக்கும் கட்டுமானம் அணை எனப்படும். அணை சுமக்க வேண்டியவற்றுள் தலையாயது நீரழுத்தம். இவ்வழுத்தம் நீரின் பரப்பைப் பொறுத்ததன்று, ஆழத்தையே பொறுத்தது. ஒரு மீட்டர் ஆழம் கூடுந்தோறும், சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் ஏறத்தாழ ஒரு டன் சுமை கூடுகிறது. ஆகவே, தேக்கம் மலைமடிப்புகளில் எத்தனை கல் தொலைவு பரந்து கிடப்பினும், நூறு மீட்டர் ஆழத்தில் சுவரை அழுத்துவது சதுர மீட்டருக்கு நூறு டன்னே.

இந்தச் சுமையை எங்கே கொண்டுசேர்ப்பது என்பதை ஒட்டியே அணைகள் வகைப்படுகின்றன. தன் எடையாலேயே நீரின் உந்தலை எதிர்த்து நின்று, அதனை அடிப்பாறைக்குள் இறக்கிவிடுவது எடையணை; அதன் அடியகலம் உயரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்காக இருத்தல் வேண்டும். நீரை நோக்கிப் புடைத்து வளைந்து, உந்தலை இருபுற மலைகளுக்கும் பகிர்ந்து செலுத்துவது வளைவணை. கற்காரை இழுவிசைக்கு எளிதில் விரிசல் காணும். அமுக்கவிசையையோ உறுதியுடன் தாங்கும். வளைவின் வடிவம் நீரின் உந்தலைப் பெரிதும் அமுக்கமாகவே மாற்றிவிடுவதால், சுவரைத் தள்ள வரும் நீரே அதனைக் கரைப்பாறைகளுக்கிடையே இறுக்கி நிறுத்துகிறது.

கேரளத்தின் அடர்ந்த மலைக்காட்டில், குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் இடையே, பெரியாற்றின் குறுக்கே நிற்கும் இடுக்கி அணை இவ்வகையினது. ஊராளிப் பழங்குடித் தலைவர் கொலும்பன் அடையாளங்காட்டிய இடம் இதுவென்பர். அவர் நினைவிடம் அணையருகே உள்ளது. 1969-இல் தொடங்கிய பணி கனடா நாட்டின் துணையோடு நடந்தேறி, 1976-இல் திட்டம் முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. கிடைமட்டத்திலும் செங்குத்திலும் ஒருங்கே வளைந்த இச்சுவரின் உயரம் 168.9 மீட்டர், தடிமனோ உச்சியில் 7.62 மீட்டரும் அடியில் 19.81 மீட்டருமே. இதே உயரத்துக்கு எடையணை எழுப்பியிருப்பின் அதன் அடி நூறு மீட்டரையும் கடந்து அகன்றிருக்கும்.

இவ்வளைவில் மதகு ஒன்றுகூட இல்லை. பெரியாற்றை மறித்து உயர்த்திய நீர் அடுத்திருந்த பள்ளத்தாக்குகள் வழியே வெளியேறிவிடும் ஆதலின், செறுதோணியிலும் குளமாவிலும் எடையணைகள் எழுந்தன. மூன்று அணைகளும் சேர்ந்தே ஏறத்தாழ 60 சதுரக் கிலோமீட்டர் பரந்த ஒரே தேக்கத்தைத் தாங்குகின்றன. மிகுநீர் செறுதோணி மதகுகள் வழியே வெளியேறும். 2018-ஆம் ஆண்டுப் பெருமழையில் அங்குள்ள ஐந்து மதகுகளும் திறக்கப்பட்டன.

குளமாவுப் புறத்தில் மலையைக் குடைந்த வழியே நுழையும் நீர், அழுத்தக்குழாய்களில் இறங்கி, ஏறத்தாழ 660 மீட்டர் கீழே, மூலமற்றத்தில் நிலத்தடியே அமைந்த மின்னிலையத்தை அடைகிறது. அங்கே கூர்முனைக் குழலிலிருந்து பீறிடும் நீர்த்தாரை, பெல்டன் சுழலியின் விளிம்பெங்கும் வரிசையாய் அமைந்த இரட்டைக் கிண்ணங்களின் நடுவரம்பில் மோதி, இரண்டாய்ப் பிரிந்து, பின்னோக்கித் திரும்பி, தன் விரைவில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்கு ஈந்துவிட்டு ஓய்ந்து விழுகிறது. ஆறு சுழலிகளும் சேர்ந்து 780 மெகாவாட் மின்திறன் தரவல்லவை. சுழலிகளைக் கடந்த நீர் பெரியாற்றுக்கு மீளாது தொடுபுழையாற்றில் கலந்து மூவாற்றுப்புழையை வளப்படுத்துகிறது.

வளைவணையின் உயிர்நிலை சுவரில் இல்லை, கரைப்பாறையில் உள்ளது. 1959-இல் பிரான்சு நாட்டின் மால்பாசே வளைவணை உடைந்து நானூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கே முதலில் இடம்பெயர்ந்தது இடக்கரைப் பாறை. பாறைப் பிளவுகளுள் கசிந்த நீரின் அழுத்தமே அதனைப் பெயர்த்தது என்று ஆய்ந்தோர் கண்டனர். அதன் பின்னரே பாறைக்குள் நிகழும் நீரழுத்தத்தை அளப்பதும், வடிகுழிகளிட்டு அதனைத் தணிப்பதும் வளைவணைக் கலையின் நீங்கா உறுப்புகளாயின. இவ்வகை அணைகளின் உள்வழிகளில் நீண்ட கம்பியில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டிருப்பர். தேக்கம் நிறையும்போது சுவர் மில்லிமீட்டர் கணக்கில் முன்சாய்வதையும், நீர் வடிந்தபின் மீள்வதையும் அது காட்டும். நாளும் அதனைக் குறித்துவைப்போர் நோக்குவது அச்சாய்வின் அளவை மட்டுமன்று. ஒரே நீர்மட்டத்தில், ஒரே வெப்பநிலையில், ஆண்டுதோறும் அது அதே இடத்துக்கு மீள்கிறதா என்பதையும் நோக்குவர்.