இரைப்பைக்குள் குடல் முளைக்கும், தெரியுமா?

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் நடந்தால் சுக்கும் மிளகும் நேராக மூக்கில் ஏறும். "இவ்வளவு காரம் தின்றால் வயிறு புண்ணாகாதா?" என்பார்கள். ஆனால் வயிற்றுப்புண்ணிலும் இரைப்பைப் புற்றிலும் முதல் குற்றவாளி காரம் இல்லை, ஒரு கிருமி! ஹெலிகோபாக்டர் பைலோரி. இரும்பையே அரிக்கக்கூடிய அமிலத்தில் சுகமாகக் குடியிருக்கும் சுருள் கிருமி.

இதை யாரும் நம்பவில்லை என்று பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் 1984இல் என்ன செய்தார் தெரியுமா? கிருமிக் கரைசலை மடமடவென்று குடித்தார்! பத்தாம் நாள் எண்டோஸ்கோப்பியில் பார்த்தால் இரைப்பை வீங்கிச் சிவந்திருந்தது. 2005இல், கிருமியைக் கூடவே கண்டுபிடித்த ராபின் வாரனோடு சேர்ந்து நோபல் பரிசு. வீட்டில் என்ன திட்டு வாங்கினாரோ!

1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த 5,300 ஆண்டுப் பழைய மனிதர் ஓட்சியின் வயிற்றிலும் இதே கிருமி. அதைவிட வியப்பு, அது இன்றைய ஐரோப்பியரிடம் இருக்கும் வகையைவிட நம் தெற்காசியர் வயிற்றில் இருக்கும் வகைக்கே நெருக்கம்!

சரி, கிருமி தொற்றினால் புற்றுதானா? இல்லவே இல்லை. பெலாயோ கொரியா என்ற கொலம்பிய நோயியல் நிபுணர் கிருமி தெரியவரும் முன்பே, 1975இல் தொடங்கி, படிப்படியாகச் சொன்னார்: முதலில் அழற்சி, பிறகு சுரப்பிகள் தேய்வு, அப்புறம் இரைப்பைச் சுவரில் குடலின் செல்களைப் போன்றவை முளைக்கும் 'இன்டஸ்டினல் மெட்டாபிளேசியா', கடைசியாக, செல்கள் தாறுமாறாக மாறும் 'டிஸ்பிளேசியா'. அதையும் தாண்டினால்தான் புற்று. இதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். பெரும்பாலானவர்களுக்கு நடுவழியிலேயே நின்றுவிடும்.

நெதர்லாந்தில், இப்படி மாற்றம் கண்ட 92,250 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2008இல் கணக்குச் சொன்னார்கள். மெட்டாபிளேசியா உள்ளவர்களில் ஆண்டுக்கு 400 பேரில் ஒருவருக்குத்தான் புற்று. ஆனால் டிஸ்பிளேசியா முற்றினால் 100க்கு 6! ரிப்போர்ட்டில் இந்த நீளப் பெயர்களைப் பார்த்ததும் மயங்கி விழ வேண்டாம். எந்தப் படி என்று கேளுங்கள்.

அதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு துணுக்கு போதாது. மாற்றம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். அதனால் இரைப்பையின் கீழ்ப்பகுதி, வளைவு, மேல்பகுதி என ஐந்து இடங்களில் கடுகளவு சதை கிள்ளி, ஃபார்மலின் பாட்டிலில் போட்டு அனுப்புவார்கள். கிள்ளும் முன் எண்டோஸ்கோப்பிக் குழாய் வழியாக நீலமும் பச்சையுமான ஒளி பாய்ச்சினால் சந்தேகத் திட்டுகள் பளிச்சென்று தெரியும்!

கிருமி இருந்தால் பெரும்பாலும் 14 நாள் கூட்டு மருந்து. முடிந்து குறைந்தது நாலு வாரம் கழித்து, போய்விட்டதா என்று மறுபடி சோதிக்க வேண்டும். இதில் ஒரு வில்லங்கம். நாம் 'கேஸ்' என்று வெறும் வயிற்றில் போடும் அமிலம் குறைக்கும் மாத்திரையை டாக்டரைக் கேட்டு இரண்டு வாரம் முன்பே நிறுத்தாவிட்டால், கிருமி இருந்தும் சோதனையில் இல்லை என்று வந்துவிடலாம்! கிருமி போனால், தேய்ந்த சுரப்பி ஓரளவு தேறலாம். மெட்டாபிளேசியா அவ்வளவு சுலபமாகத் திரும்பாது. அது பரவலாக இருந்தால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி, ரத்த உறவில் யாருக்காவது இரைப்பைப் புற்று இருந்தால் இன்னும் சீக்கிரம் என்கிறது ஐரோப்பிய வழிகாட்டி. கண்ணுக்குத் தெரியும் டிஸ்பிளேசியாவைப் பல நேரம் வயிற்றைக் கிழிக்காமலேயே குழாய் வழியாக உரித்தெடுக்கிறார்கள். கறுப்பு மலம், காரணமில்லாத எடை இழப்பு, விழுங்கத் தடை என்றால் தவணையெல்லாம் பார்க்கக் கூடாது, உடனே ஓட வேண்டும்.

மிளகைவிட உப்பின் மேல்தான் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம். உப்பில் ஊறிய கருவாட்டுப் பிரியர்களே, கவனம்! புகையிலையும் உடந்தை. இந்தியாவில் கிருமி ஏராளம், இரைப்பைப் புற்று ஒப்பளவில் குறைவு. ஏன் என்பது தீராத புதிர். ஆனால் புகையூட்டிய இறைச்சியும் புகையிலைப் புகை ஏற்றிய 'துய்பூர்' நீரும் புழங்கும் மிசோரமில் அது எக்கச்சக்கம்!

தைவானின் மாட்சு தீவுகளில் 2004 முதல் முப்பது வயதைத் தொட்டவர்களையெல்லாம் சோதித்து, கிருமி இருந்தவர்களுக்கெல்லாம் மருந்து கொடுத்தார்கள். அங்கே இரைப்பைப் புற்று ஏறக்குறைய பாதியாகிவிட்டது, தெரியுமா?