ஆணியும் தகரமும் நிறைந்த மண்ணில் காசு தேடுவது எப்படி?

தாசேக் கெலுகோர் பக்கம் பழைய ரப்பர் தோட்ட லயங்கள் இருந்த இடத்தில் மெட்டல் டிடெக்டரை வைத்தால் அது சும்மா இருக்காது. ஆணி, தகரம், டின் வளையம் என்று எல்லாவற்றுக்கும் கத்தும்.

எரிச்சலில் பலர் செய்வது, குப்பையை ஒதுக்கும் ‘டிஸ்கிரிமினேஷன்’ அளவை ஒரேயடியாக ஏற்றுவது. சத்தம் அடங்கும், காசும் போய்விடும். 1939-இல் வெளிவந்த சதுர ஒரு காசு வெண்கலம், அது உயர்ந்த எண் காட்டும். ஆனால் 1967-இன் 10, 20 சென் நாணயங்கள் செம்பும் நிக்கலும் கலந்தவை. டின் வளையம் காட்டும் எண்ணுக்குப் பக்கத்தில்தான் இவையும் வரும். வளையத்தை ஒதுக்கினால் இவையும் சேர்ந்தே போகும்.

ஆகவே இரும்பை மட்டும் லேசாக ஒதுக்குங்கள். ‘சென்சிட்டிவிட்டி’யைக் குறையுங்கள். கொஞ்சம் ஆழம் போகும், பரவாயில்லை. ‘ரிகவரி ஸ்பீட்’ இருந்தால் ஏற்றுங்கள். ஆணியைக் கடந்ததும் பக்கத்துக் காசைக் கருவி தனியாகப் பிடிக்கும். பெரிய வட்டுக்குப் பதில் ஐந்தாறு அங்குலச் சிறு வட்டு நல்லது. மெதுவாக வீசுங்கள். சத்தம் கேட்டால் குறுக்குவாட்டிலும் வீசிப் பாருங்கள். இரண்டு பக்கமும் தெளிவாகக் கேட்டால் தோண்டலாம்.

அதற்கு முன் நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். மரபுச் சிறப்புள்ள பொருள் என்று நினைக்கக் காரணம் இருந்தால், 2005 தேசிய மரபுடைமைச் சட்டப்படி மரபுடைமை ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ உடனே தெரிவிக்க வேண்டும். இதே வட செபராங் பிறையில், 2017-இல் பழங்கால எலும்புக்கூடு கிடைத்த குவார் கெப்பா பக்கம் கருவியோடு போகவே வேண்டாம்.