இரவில் மட்டும் சென்னை கேட்டது ஏன்?

1977 நவம்பர் 12-ந் தேதி நாகப்பட்டினத்தைப் புயல் தாக்கியது. நாங்கள் அப்போது பம்பாய் தாராவியில் இருந்தோம். பாட்டி நாகையில். டிரங்கால் போட்டால் லைன் கிடைக்கவில்லை. பகல் முழுவதும் அப்பா டிரான்சிஸ்டரின் முள்ளைச் சென்னை நிலையத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெறும் இரைச்சல்தான். நன்றாக இருட்டிய பிறகு, பக்கத்து அறையில் பேசுவதுபோல் சென்னையின் குரல் வந்தது. அக்கம்பக்கத்துத் தமிழர்கள் எல்லாம் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். (பாட்டி நலம் என்ற தந்தி நான்காம் நாள்தான் வந்தது.)

பகலில் ஊர்ச் சத்தம் அதிகம், அதனால்தான் கேட்பதில்லை என்று அப்போது பலரும் சொன்னார்கள். உண்மைக் காரணம் தலைக்கு மேலே 60 கிலோ மீட்டர் உயரத்தில் தொடங்குகிறது.

மத்திய அலை ஒலிபரப்பில் ஒரு பகுதி தரையை ஒட்டி வருகிறது. அதன் சக்தியை மண்ணே உறிஞ்சிவிடும். சென்னையில் இருந்து பம்பாய்க்கு ஆயிரம் கிலோ மீட்டர். அவ்வளவு தூரம் அது தாங்காது. மற்றொரு பகுதி வானத்தை நோக்கிச் செல்கிறது. நமக்கு வேண்டியது அதுதான்.

எலக்ட்ரான் ஊஞ்சல்

சூரியனின் புறஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் மேல்வானக் காற்றில் உள்ள எலக்ட்ரான்களைப் பிய்த்து எடுக்கின்றன. ரேடியோ அலை வந்ததும் அந்த எலக்ட்ரான்கள் வினாடிக்குச் சுமார் 10 லட்சம் முறை முன்னும் பின்னும் ஆடுகின்றன. ஆடும் எலக்ட்ரான், தான் வாங்கிய சக்தியை அலையாகவே திருப்பித் தருகிறது. அதனால் அலை வளைந்து பூமிக்குத் திரும்புகிறது.

ஆனால் ஊஞ்சல் ஆட இடம் வேண்டுமே! 60 முதல் 90 கிலோ மீட்டர் வரை காற்று சற்று அடர்த்தி. அங்கே எலக்ட்ரான் பக்கத்து மூலக்கூறின் மீது மோதிவிடுகிறது. வாங்கிய சக்தி வெப்பமாகிப் போகிறது. பகலில் சென்னையை விழுங்கியது இந்த அடுக்குதான்.

சூரியன் மறைந்ததும், நெரிசலான அந்த அடுக்கில் எலக்ட்ரான்கள் சீக்கிரமே ஒட்டிக்கொண்டு விடுகின்றன. இன்னும் உயரத்தில் காற்று மெல்லியது. அங்கே உள்ளவை இரவிலும் தாக்குப்பிடிக்கின்றன. கீழே தடை நீங்க, மேலே கண்ணாடி மிஞ்சுகிறது.

சிற்றலைக்கு அதிர்வு வேகம் அதிகம். எலக்ட்ரான் கொஞ்சமே அசைகிறது, இழப்பும் குறைவு. ஆகவேதான் இலங்கை வானொலியின் சிற்றலை பகலிலும் வந்தது. பண்பலை இன்னும் வேகம். அது மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்கே போய்விடும்.

வானத்தில் இப்படி ஒரு கண்ணாடி இருப்பது முதலில் யாருக்கும் தெரியாது. 1901 டிசம்பர் 12-ந் தேதி மார்க்கோனி அட்லாண்டிக்கைத் தாண்டி சமிக்ஞை பெற்றதாக அறிவித்தபோது, நேர்கோட்டில் செல்லும் அலை உருண்டையான பூமியை எப்படிச் சுற்றியது என்று அறிஞர்கள் திகைத்தார்கள். மறு ஆண்டே அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும், மேலே மின் அடுக்கு இருக்க வேண்டும் என்றார்கள். 1924-ல் ஆப்பிள்டன், பி.பி.சி.யின் போர்ன்மவுத் நிலையத்து அலைகளைக் கொண்டே அதை நிரூபித்தார். 1947-ல் நோபல் பரிசு பெற்றார்.

இந்த அடுக்கு ஆபத்து வேளையில் காலை வாரியதும் உண்டு. 2017 செப்டம்பர் 6-ந் தேதி கரீபியன் தீவுகளை இர்மா புயல் தாக்கிய அதே நாளில் சூரியனில் பெரும் வெடிப்பு. எக்ஸ் கதிர்கள் பாய்ந்து கீழ் அடுக்கு தடித்தது. புயல் செய்தியைப் பரிமாறிக்கொண்டிருந்த சிற்றலைத் தொடர்புகள் சில மணி நேரம் அறுந்தன. அப்பா அன்று பகல் முழுவதும் கேட்ட இரைச்சல்தான் அவர்களுக்கும்.

பழைய டிரான்சிஸ்டர் வீட்டில் கிடந்தால், இரவு ஒன்பது மணிக்கு மேல் மொட்டை மாடிக்கு எடுத்துச் செல்லுங்கள். செல்போன் சார்ஜரும் எல்.இ.டி. விளக்கும் அருகில் வேண்டாம், இரைச்சல் தரும். மத்திய அலைக்கான ஏரியல் பெட்டிக்கு உள்ளேதான் இருக்கிறது, கரிய தண்டாக. கம்பியை இழுத்துப் பயனில்லை. பெட்டியையே மெதுவாகத் திருப்புங்கள். தூரத்து நிலையம் பொங்கிப் பொங்கி அமுங்கினால் ரிப்பேர் என்று நினைக்காதீர்கள். இரண்டு வழியில் வந்த ஒரே அலை, சில நேரம் கூடியும் சில நேரம் ஒன்றையொன்று அழித்தும் விளையாடுகிறது.