தேரையைக் கவ்விய நாய்

மழை விட்ட மாலை நேரம். பண்டார் தெங்காராவில், செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய வீடுகளின் முன் தெருவிளக்கு எரியத் தொடங்கியதும் அதன் அடியில் தேரைகள் வந்து உட்காரும். வெளிச்சத்தைத் தேடி வரும் ஈசலும் வண்டும்தான் அவற்றுக்கு இரவு உணவு. பகல் முழுவதும் கட்டிப்போட்டிருந்த நாயைப் பலர் அவிழ்த்து விடுவதும் அந்த நேரத்தில்தான்.

தத்தித் தத்திப் போகும் தேரையைக் கண்டால் நாய்க்குட்டி சும்மா இருக்குமா? துரத்தும், முகரும், கடைசியில் கவ்வும். கவ்விய வேகத்தில் துப்பியும் விடும். அடுத்த சில நிமிடங்களில் அதன் வாயிலிருந்து எச்சில் நுரை நுரையாக ஒழுகும். முன்னங்காலால் வாயைத் தேய்க்கும். தலையை உதறும். பார்ப்பவர்கள் பாம்பு கடித்துவிட்டது என்பார்கள், வலிப்பு என்பார்கள், வெறிநோய் வந்துவிட்டதோ என்றுகூடப் பயப்படுவார்கள். ஆனால் அது தேரையின் நஞ்சாகவும் இருக்கலாம். அந்தச் சில நிமிடங்களில் வீட்டில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பது நாயின் உயிரையே தீர்மானிக்கக்கூடும்.

தவளையா, தேரையா?

இரண்டும் ஒரே வகுப்பைச் சேர்ந்த நீர்நில வாழ்விகள்தாம். ஆனாலும் தமிழில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. தவளையின் தோல் பெரும்பாலும் ஈரமாகவும் வழவழப்பாகவும் இருக்கும். நீண்ட பின்னங்கால்களால் அது தூரமாகத் தாவும். தேரையின் தோல் உலர்ந்து, கொப்புளம் கொப்புளமாக இருக்கும். குட்டையான கால்களால் அது தத்தித்தான் நகரும். முட்டையிலும் வேறுபாடு உண்டு. தவளை முட்டைகள் பெரும்பாலும் குவியலாக மிதக்கும். தேரை முட்டைகள் மணிமாலை போல நீண்ட இழையில் கோத்திருக்கும்.

நம் வீட்டு வாசலுக்கு வரும் தேரையை மலாயில் 'கத்தாக் பூரு' என்பார்கள். அதன் அறிவியல் பெயர் டுட்டாஃபிரைனஸ் மெலனோஸ்டிக்டஸ். 1799ஆம் ஆண்டிலேயே அறிவியல் உலகம் இதைப் பதிவு செய்துவிட்டது. தமிழ்நாட்டின் கிணற்றடியிலும் இலங்கையின் வயல் வரப்பிலும் ஜொகூரின் கால்வாய் ஓரத்திலும் இதைப் பார்க்கலாம்.

தேரைக்குப் பல் இல்லை, நகம் இல்லை, வேகமாக ஓடவும் தெரியாது. தன்னைக் காத்துக்கொள்ள அதனிடம் இருப்பது வேதியியல் மட்டுமே. அதன் இரண்டு கண்களுக்கும் பின்னால், தோலுக்கு மேல் புடைத்துக்கொண்டு, நீள்வட்டமாக இரண்டு மேடுகள் இருக்கும். அவைதாம் நஞ்சுச் சுரப்பிகள். தோலில் உள்ள கொப்புளங்களிலும் சிறிதளவு நஞ்சு உண்டு. தேரை யாரையும் தேடிப்போய்த் தாக்குவதில்லை. நாயின் பல் அந்தச் சுரப்பியை அழுத்தும்போதுதான் பால் போன்ற கெட்டியான திரவம் பிதுங்கி வெளியே வருகிறது. தவளை தன் வாயால் கெடும் என்பது பழமொழி. இங்கே தேரையைக் கவ்விய நாய்தான் தன் வாயால் கெடுகிறது.

செல்லுக்குள் ஓடும் பம்பு

இந்தத் திரவத்தில் பல வேதிப்பொருள்கள் கலந்திருக்கின்றன. அவற்றில் மிகவும் ஆபத்தானவை 'பூஃபாடையனோலைடுகள்' என்ற குழுவைச் சேர்ந்தவை. அவை எங்கே தாக்குகின்றன என்று புரிந்துகொள்ள நம் உடலின் செல் ஒன்றுக்குள் போய்ப் பார்ப்போம்.

ஒவ்வொரு செல்லின் சவ்விலும் ஒரு வகைப் புரதம் பம்பு போல வேலை செய்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. இதைக் கண்டுபிடித்தவர் டென்மார்க் விஞ்ஞானி யென்ஸ் ஸ்கோ. நண்டின் நரம்புகளை வைத்து அவர் செய்த ஆய்வு 1957இல் வெளியானது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997இல், அதற்காக வேதியியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

இந்தப் பம்பு ஓடினால்தான் நரம்பில் சமிக்ஞை பாயும், இதயம் ஒழுங்காகத் துடிக்கும். தேரையின் நஞ்சு அந்தப் பம்பில் போய் ஒட்டிக்கொண்டு அதை நிறுத்திவிடுகிறது. செல்லுக்குள் சோடியம் தேங்குகிறது. அதன் விளைவாகக் கால்சியத்தை வெளியேற்ற முடியாமல் அதுவும் தேங்குகிறது. இதயத் தசை சுருங்குவதற்குக் கட்டளையிடுவது கால்சியம்தான். அது அளவுக்கு மீறினால் இதயம் தாளம் தப்பித் துடிக்கும். சில வேளைகளில் நின்றும் போகும்.

அரளி விதையில் இருப்பதும் இதுதான்

இதே பம்பை நிறுத்தும் இன்னொரு நஞ்சு நம் வீட்டு வேலியிலேயே இருக்கலாம். மஞ்சள் அரளியின் விதையில் உள்ள நஞ்சும் இதே இடத்தில், இதே வழியில்தான் வேலை செய்கிறது. ஒன்று செடி, மற்றொன்று விலங்கு. ஒன்றோடொன்று தொடர்பே இல்லாமல் இரண்டும் ஒரே வகை ஆயுதத்தைத் தயாரித்திருக்கின்றன.

அரளி நஞ்சால் பலரைப் பறிகொடுத்த நாடு இலங்கை. அங்கே கொழும்பில் நடந்த ஒரு மருத்துவ ஆய்வின் முடிவு 2000ஆம் ஆண்டில் வெளியானது. 'டிஜாக்சின்' என்ற இதய மருந்துக்கு எதிராகச் செம்மறியாட்டின் உடலில் உருவாக்கப்படும் எதிர்ப்பொருள், அரளி நஞ்சையும் முறிக்கும் என்று அந்த ஆய்வு காட்டியது. தேரை நஞ்சின் மூலக்கூறும் டிஜாக்சினை ஒத்திருப்பதால், தேரையால் நஞ்சேறியவர்களுக்கும் மருத்துவர்கள் இந்த எதிர்ப்பொருளைக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இது விலை உயர்ந்த மருந்து, எல்லா இடத்திலும் கிடைக்காது. அதனால் நஞ்சு உடலுக்குள் போகாமல் தடுப்பதே புத்திசாலித்தனம்.

பாம்புக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆவதில்லை?

சில பாம்புகள் தேரையை விழுங்கிவிட்டு நிம்மதியாகப் படுத்திருக்கும். காரணம், அவற்றின் பம்புப் புரதத்தில் ஓரிரு அமினோ அமிலங்கள் மாறியிருக்கின்றன. பூட்டின் துளை மாறினால் பழைய சாவி நுழையாதல்லவா? அதுபோல நஞ்சால் அந்தப் பம்பில் ஒட்ட முடிவதில்லை. ஜப்பானில் வாழும் யாமாககாஷி என்ற பாம்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது. தான் தின்ற தேரையின் நஞ்சையே கழுத்துச் சுரப்பிகளில் சேமித்துத் தன் பாதுகாப்புக்கு வைத்துக்கொள்கிறது. தேரையே இல்லாத ஒரு தீவில் வாழும் அதே வகைப் பாம்பிடம் அந்த நஞ்சு இல்லை.

நாயின் பம்பிலும் பூனையின் பம்பிலும் இந்த மாற்றம் இல்லை. தேரையையே பார்த்திராத நாடுகளின் காட்டு விலங்குகளுக்கும் பெரும்பாலும் இதே நிலைதான். மடகாஸ்கர் தீவுக்கே உரிய தேரை இனம் எதுவும் கிடையாது. நம் ஆசியத் தேரை கப்பல் சரக்கோடு அங்கே போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. துறைமுக நகரமான தோமாசினாவின் சுற்றுப்புறத்தில் அது பரவியிருப்பது 2014இல் தெரியவந்தது. அங்குள்ள 77 வகை விலங்குகளின் மரபணுவை விஞ்ஞானிகள் ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே ஒரு எலியினத்தைத் தவிர மற்ற எதற்கும் தேரை நஞ்சைத் தாங்கும் பம்பு இருப்பதாகத் தெரியவில்லை. இங்கே நம் வாசலில் சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் தேரை, அங்கே ஒரு தீவின் விலங்குகளுக்கே அச்சுறுத்தலாகிவிட்டது.

உடனே செய்ய வேண்டியவை

நாய் தேரையைக் கவ்வியதைப் பார்த்தாலோ, வெளியே போய்வந்த நாயின் வாயில் திடீரென்று நுரை ஒழுகினாலோ, வீட்டுப் பெரியவரை உடனே கூப்பிடுங்கள்.

முதலில், வாயில் தேரை இன்னும் இருந்தால் அதை எடுத்துவிட வேண்டும். பிறகு ஈரத்துணியால் ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் எல்லாவற்றையும் அழுத்தித் துடைக்க வேண்டும். நஞ்சு பிசுபிசுப்பானது. ஒரு முறை துடைத்தால் போகாது. துணியை அலசி அலசிச் சில நிமிடங்கள் திரும்பத் திரும்பத் துடைக்க வேண்டும்.

தண்ணீரால் கழுவுவதென்றால் நாயின் தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடித்து, வாயின் பக்கவாட்டிலிருந்து மெதுவாக விட வேண்டும். தொண்டையை நோக்கிப் பீய்ச்சினால் நஞ்சும் தண்ணீரும் வயிற்றுக்குள்ளோ நுரையீரலுக்குள்ளோ போய்விடும். நாய் மயங்கியிருந்தாலும் வலிப்பு வந்திருந்தாலும் வாயில் தண்ணீர் விடவே கூடாது. கையை வாய்க்குள் விட்டால் கடிபடவும் நேரலாம்.

பால், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் எதையும் ஊற்ற வேண்டாம். வாந்தி எடுக்க வைக்கவும் முயல வேண்டாம். துடைத்துக்கொண்டே இன்னொருவரைக் கால்நடை மருத்துவருக்குத் தொலைபேசியில் அழைக்கச் சொல்லுங்கள். ஈறு செங்கல் போலச் சிவந்தாலும், நாய் தள்ளாடினாலும், வாந்தி எடுத்தாலும், உடல் வெட்டி இழுத்தாலும், மூச்சு வாங்கினாலும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. ஒரு முறை நக்கிய நாய்கள் எல்லாம் இறந்துவிடுவதில்லை. வாய்க்குள் எவ்வளவு நஞ்சு போனது, நாயின் எடை எவ்வளவு என்பதைப் பொறுத்தே பாதிப்பு அமையும். அதனால் குட்டிகளுக்கும் சின்ன நாய்களுக்கும்தான் ஆபத்து அதிகம். வேலை முடிந்ததும் உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவும்வரை கண்ணைத் தொடாதீர்கள்.

பூனைகள் தேரையைத் தொடுவது குறைவு. ஆனால் தவளையைப் பிடித்துத் தின்னும். தவளையின் சதையில் இருக்கும் 'ஸ்பைரோமெட்ரா' என்ற நாடாப்புழுவின் இளம்புழு அப்படித்தான் பூனையின் குடலுக்குப் போய்ச் சேருகிறது. தவளை பிடிக்கும் பூனைக்கு மருத்துவர் சொல்லும் காலத்தில் தவறாமல் குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும்.

தேரையை அடிக்க வேண்டாம்

தேரைமேல் நம்மவர்கள் போட்ட பழி கொஞ்சமில்லை. பருப்பில்லாத தேங்காயைத் 'தேரை மோந்த தேங்காய்' என்கிறோம். தேரையைத் தொட்டால் மரு வரும் என்கிறோம். மரு வருவது ஒரு வைரஸால்தான், தேரையால் அல்ல. எறும்பு, கரையான், வண்டு என்று இரவெல்லாம் பூச்சிகளைத் தின்று நமக்கு உதவும் உயிர் அது.

ஒன்றை அடித்தால் அடுத்த மழைக்கு இன்னொன்று வரும். மாற்ற வேண்டியது நம் பழக்கத்தைத்தான். மழை விட்ட இரவில் நாயைக் கயிற்றோடு வெளியே அழைத்துப் போங்கள். தேவையில்லாத நேரத்தில் வாசல் விளக்கை அணைத்து வையுங்கள். பூச்சி வராவிட்டால் தேரையும் வராது. நாயின் தண்ணீர்க் கிண்ணத்தை இரவில் வீட்டுக்குள் வையுங்கள். கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண்ணை இன்றே எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அதன் பக்கத்தில் ஒரு சுத்தமான துணியையும் தொங்கவிடுங்கள்.