உண்ணி முட்டைக்குள் ஒரு காய்ச்சல்

ரத்தம் குடித்துப் பருத்த மாட்டு உண்ணி அச்சு அசல் ஆமணக்குக் கொட்டைமுத்துதான். ஆமணக்குக்குத் தாவரவியலில் ரிசினஸ் என்று பெயர். லத்தீனில் அந்தச் சொல்லுக்குப் பொருளே உண்ணி. எங்கள் அம்மாயி சாயங்காலம் பால் கறக்கப் போகுமுன் பசுவின் காது மடலிலும் வால் அடியிலும் விரலை விட்டுத் துழாவி, அகப்பட்டதைப் பிடுங்கி வரட்டித் தணலில் போடுவார். டப்பென்று வெடிக்கும். "கீழ போட்டு மிதிச்சராத கண்ணு, ஒண்ணு நூறாயிரும்" என்பார். கணக்கு மட்டும்தான் தப்பு. ஒரு பெண் உண்ணி 2,000, 3,000 முட்டைகூட இடும்.

இந்த உண்ணியால் அமெரிக்காவில் துப்பாக்கி தூக்கியிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் டெக்சாஸ் மாட்டுக்காரர்கள் மந்தைகளை வடக்கே ஓட்டிப் போவார்கள். ஓட்டிப் போன மாடுகளுக்கு ஒன்றும் ஆகாது. அவை நடந்துபோன புல்தரையில் பிறகு மேய்ந்த வடக்கத்தி மாடுகளுக்குத்தான் ஒரு மாதம் கழித்துக் காய்ச்சல் வரும். மூத்திரம் ரத்தமாய்ப் போகும். கொத்துக் கொத்தாய்ச் சாகும். மிசூரி விவசாயிகள் ஆயுதத்தோடு நின்று டெக்சாஸ் மந்தைகளை வழிமறித்தார்கள். "எங்கள் மாடு நல்லாத்தானே நிற்கிறது, அதுவா சீக்கைக் கொண்டுவந்தது?" என்று டெக்சாஸ்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். உண்ணிதான் காரணம் என்று மாட்டுக்காரர்கள் சிலர் சொன்னபோது படித்தவர்கள் சிரித்தார்கள்.

சிரிக்காமல் சோதித்துப் பார்த்தவர் தியோபால்டு ஸ்மித். 1889இல் வாஷிங்டனுக்கு அருகே அவரும் கால்நடை மருத்துவர் கில்போர்னும் நிலத்தை வேலி போட்டுப் பிரித்தார்கள். ஒன்றில் உண்ணியோடு வந்த தெற்கத்தி மாடுகளும் வடக்கத்தி மாடுகளும். இன்னொன்றிலும் அப்படியே, ஆனால் தெற்கத்தி மாடுகளின் மேலிருந்த உண்ணிகளை ஒன்றுவிடாமல் கையால் பிடுங்கிவிட்டார்கள் (அம்மாயி சம்பளமில்லாமல் செய்த வேலை). மூன்றாவதில் தெற்கத்தி மாடே இல்லை. புல்லில் உண்ணியை மட்டும் தூவினார்கள். முதல் நிலத்திலும் மூன்றாவதிலும் வடக்கத்தி மாடுகள் படுத்துவிட்டன. உண்ணி பிடுங்கிய நிலத்தில் ஒன்றுக்கும் ஒன்றுமில்லை.

நோயுற்ற மாட்டின் ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்தால் சிவப்பணுவுக்குள் காம்புப் பக்கம் ஒட்டிவைத்த இரண்டு பேரிக்காய்போல ஓர் ஒட்டுண்ணி இருந்தது. 1888இல் ருமேனியாவில் மாட்டு ரத்தத்தில் இதன் உறவுக்காரனைக் கண்ட விக்டர் பாபெஷின் பெயரால் இன்று இதற்கு பபேசியா என்று பெயர். அது பெருகிச் சிவப்பணுக்களை உடைக்க, உள்ளிருந்த நிறம் சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. ரத்த மூத்திரம் என்பது அதுதான்.

ஆனால் ஒரு முடிச்சு மிச்சமிருந்தது. இந்த உண்ணி பொடிக்குஞ்சாக ஏறிய மாட்டிலேயே வளர்ந்து, முட்டையிட மட்டும் கீழே விழுந்து, இட்டதும் செத்துப்போகும். அடுத்த மாட்டை அது கடிப்பதே இல்லை. பின் எப்படிப் பரவும்? ஸ்மித் முட்டைகளைத் தனியே பொரிக்கவைத்து, ரத்தமே ருசித்திராத குஞ்சுகளை நல்ல மாட்டின் மேல் விட்டார். மாட்டுக்குக் காய்ச்சல் வந்தது. தாய் குடித்த நோயை முட்டை வழியாகவே குஞ்சுகள் கொண்டுவந்திருந்தன. அந்த ஒரு மாத இடைவெளியும் விளங்கிவிட்டது: முட்டை பொரிக்க நாளாகிறது. 1893இல் ஸ்மித் இதையெல்லாம் வெளியிட்டார். செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவுக்குள் மலேரியாவைக் கண்டது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்துத்தான். ராஸைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம்; ஸ்மித் கால்நடை மருத்துவர்களோடு நின்றுவிட்டார். மாட்டு நோய்க்கு அவ்வளவுதான் மரியாதை.

டெக்சாஸ் மாட்டுக்கு ஒன்றும் ஆகாத ரகசியம் நம் நாட்டு மாட்டிடமும் உண்டு. கன்றாக இருக்கும்போதே கடிபட்டால் பபேசியா லேசாக வந்து போய்விடும். கொஞ்சம் ஒட்டுண்ணி உடம்பிலேயே தங்கி எதிர்ப்பைக் காத்து நிற்கும். ஜெர்சி, ஹோல்ஸ்டீன் ரத்தம் கலந்த மாடுகளுக்கு அந்தத் தாங்குதிறன் குறைவு. பால் சட்டென்று வற்றி, மூத்திரம் காபித் தண்ணியாகப் போனால், காது நுனியில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தம் மருத்துவருக்கு விஷயத்தைச் சொல்லிவிடும்.

கலப்பின மாட்டை இன்னும் அதிகம் வாட்டுவது தைலேரியா. அதைப் பரப்பும் உண்ணியின் பழக்கம் வேறு: இளம் பருவத்தில் ஒரு மாட்டில் குடித்து, விழுந்து, கட்டுத்தரைச் சுவரின் வெடிப்பில் பதுங்கித் தோலுரித்து, இன்னொரு மாட்டில் ஏறும். ஆகவே மாட்டைத் துழாவினால் போதாது, சுவரையும் பூச வேண்டும். ரத்தத்தின் வெள்ளணுவுக்குள் புகுந்து, அதைப் புற்றணுபோல ஓயாமல் பெருகவைக்கும் ஒட்டுண்ணி தைலேரியா. தோள் முன்னே நெறி கட்டிக்கொண்டு வீங்கும். புபர்வாகுவோன் ஊசி ஒட்டுண்ணியைக் கொன்றதும் அந்த அணுக்கள் பெருகுவதை நிறுத்திவிடுகின்றன. புற்றுநோய் ஆய்வாளர்கள் மாட்டு நோயை எட்டிப்பார்ப்பது இதனால்தான்.

அமெரிக்காவில் 1906இல் உண்ணி ஒழிப்பைத் தொடங்கி, ஆர்சனிக் கலந்த தொட்டிகளில் மாடுகளை முக்கி முக்கி, 1943க்குள் ஏறக்குறைய முடித்துவிட்டார்கள். மெக்சிகோ எல்லையில் ரியோ கிராண்டே ஆற்றோரம் மட்டும் ஒரு பட்டை மிச்சம். அங்கே இன்றும் அரசு ஊழியர்கள் குதிரையில் ரோந்து போகிறார்கள். ஆறு தாண்டி வந்த மாடு கிடைத்தால் கையால் தோலைத் தடவித் துழாவித்தான் உண்ணி தேடுகிறார்கள்.