இலைச்சாறும் துத்தநாகத் துகளும்

பால்மரத் தோட்டங்களில் வளர்ந்த நம்மவர்க்குத் துத்தநாக ஆக்சைடு முற்றிலும் அயலான பொருள் அன்று. ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றி உறுதியாக்கும்போது, அவ்வினை விரைந்து நடக்கத் துணைநிற்பது இந்த வெண்பொடியே. டயர் முதல் தோலுக்குப் பூசும் களிம்பு வரை இதன் பயன் பரந்து கிடக்கிறது. இதனை இலைச்சாற்றின் துணைகொண்டு மிக நுண்ணிய துகள்களாக ஆக்கும் முறை இந்நூற்றாண்டில் ஆய்வுக்கூடங்களில் பெருகியுள்ளது. ‘பசுமை முறை’ என்பது அதற்கு இட்ட பெயர். அம்முறை யாது? அப்பெயர் எவ்வளவு பொருந்தும்? இவ்விரண்டையும் ஆராய்வோம்.

நுண்மையின் ஆற்றல்

ஒரு மீட்டரை 100 கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே நானோமீட்டர். தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ளவற்றை நானோ துகள் என்பர்.

இவ்வளவு சிறிதாக்குவதால் வரும் நன்மை என்ன? பக்கத்திற்கு 1 சென்டிமீட்டர் உள்ள கனசதுரம் ஒன்றைக் கொள்வோம். அதன் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள சிறு கனசதுரங்களாக வெட்டினால், அவற்றின் மேற்பரப்பு மொத்தம் 600 சதுர மீட்டராகும். எடை கூடவில்லை, மேற்பரப்போ பத்து நூறாயிரம் மடங்காயிற்று. திண்பொருள் தன் மேற்பரப்பின் வழியாகவே பிற பொருளோடு வினைபுரிகிறது. ஆகவே, சிறிதளவு பொடியே பெருவேலை செய்யும்.

இலை செய்யும் பணி

வழக்கமான வேதிமுறையில், துத்தநாக உப்புக் கரைசலுடன் எரிசோடா போன்ற கடுங்காரத்தைச் சேர்ப்பர். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடாதிருக்கச் செயற்கைப் பொருள்களையும் இடுவர். தீங்கான பொருள்களைக் குறைத்தே வேதிப்பொருள்களை ஆக்க வேண்டும் என்னும் கொள்கையைப் பால் அனஸ்தாஸ், ஜான் வார்னர் என்னும் இருவர் 1998-இல் பன்னிரண்டு நெறிகளாக வகுத்தனர். 2004-இல் பூனா நகரத்துத் தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தினர், வேப்பிலைச் சாற்றால் பொன், வெள்ளி நானோ துகள்களை ஆக்கிக் காட்டினர். உலோக ஆக்சைடுகளும் பின்னர் இவ்வழியில் ஆக்கப்பட்டன.

செய்முறை எளிது. கழுவிய இலையை வாலைவடி நீரில் சூடேற்றி வடிகட்டுவர். அச்சாற்றில் துத்தநாக நைட்ரேட்டைக் கரைத்து, கூழாகும்வரை கலக்கிச் சுண்டவைப்பர். அக்கூழை ஏறத்தாழ 400 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உலையிலிட்டால் வெண்பொடி கிட்டும். கற்றாழை, வேம்பு, முருங்கை முதலிய பலவும் இவ்வாறு பயன்பட்டுள்ளன.

இங்கே ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். பொன், வெள்ளி ஆகியவற்றில், இலையிலுள்ள பொருள்கள் எலெக்ட்ரான்களை வழங்கி உலோக அயனியை உலோகமாக்குகின்றன. துத்தநாக ஆக்சைடிலோ துத்தநாகம் அயனி நிலையிலேயே இருக்கிறது. அதனை உலோகமாக்க வேண்டியதில்லை. இலையின் பொருள்கள் அவ்வயனிகளைப் பற்றிக்கொண்டு, துகள் வரம்பு மீறி வளராமல் காக்கின்றன. கடிவாளம் பிடிப்பதே இலையின் பணி என்க.

பயன்கள்

இத்துகள் புறஊதாக் கதிரை உட்கொள்ளும். கண்ணுக்குப் புலனாகும் ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிடும். எனவே வெள்ளைப் படலம் தெரியாத வெயில் காப்புப் பூச்சுக்கு ஏற்றது. ஆய்வுக்கூடச் சோதனைகளில் பலவகைப் பாக்டீரியாக்களை அழிக்கிறது. புறஊதா ஒளி பட்டால், சாயக் கழிவுநீரிலுள்ள நிறப்பொருள்களைச் சிதைக்கிறது. ரப்பர் தொழிலில் வழக்கத்தைவிடக் குறைந்த துத்தநாக ஆக்சைடே போதுமாகுமா என்றும் ஆராய்கின்றனர். டயர் தேய்ந்து கழியும் தூளிலிருந்து துத்தநாகம் நீர்நிலை சேர்வதால், இது சிறு செய்தியன்று.

பெயரும் உண்மையும்

இனி, ‘பசுமை’ என்னும் பெயரைச் சீர்தூக்குவோம். முதலாவது, இலையின் சத்து மண்ணுக்கும் பருவத்துக்கும் மரத்தின் வயதுக்கும் ஏற்ப மாறும். இன்று கிடைத்த துகளே நாளையும் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. மருந்துக்கும் தொழிலுக்கும் இது பெருந்தடை. இரண்டாவது, உலைக்கு வேண்டிய வெப்பம் சும்மா வருவதன்று.

மூன்றாவதே தலையாயது. 400 பாகை வெப்பத்தில் இலைப்பொருள் பெரிதும் எரிந்துபோகும். எஞ்சுவது துத்தநாக ஆக்சைடே. அது நீரில் சிறிது சிறிதாகக் கரைந்து துத்தநாக அயனிகளை விடும். பாக்டீரியாவைக் கொல்வதில் பங்குபெறும் அதே அயனி, ஓடையிலுள்ள பாசிக்கும் சிற்றுயிர்களுக்கும் மீனுக்கும் தீங்கிழைக்கும். நுண்பொடியை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்கும் கேடு. ஆகவே, இதனை வீட்டடுப்பில் செய்துபார்க்க முனைதல் கூடாது.

ஆக்கும் வழி தூயது என்பது வேறு. ஆகிய பொருள் தீங்கற்றது என்பது வேறு. ‘மூலிகை நானோ’ என்று எழுதிய புட்டியைக் கடையில் காணும்போது, எந்த இலை என்று கேட்பதோடு நில்லாமல், எந்த உலோகம், எவ்வளவு, யார் சோதித்தது என்றும் கேட்போமாக. இலை பட்டதெல்லாம் மருந்தாகிவிடுவதில்லை. இவ்வுண்மையை நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதும் அறிவியற் கல்வியே.