பத்து ரூபாய், பத்து நிமிடம்: மாலைத் தீனிக் கணக்கு

பிளே ஸ்கூல் விட்டு வந்து, சோறு உண்டு, தூங்கி எழுந்த இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்கு நாலு மணிக்கு எவ்வளவு வேண்டும்? இந்த வயதுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,000 கலோரி, 12 முதல் 13 கிராம் புரதம், 500 மில்லிகிராம் கால்சியம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கணக்கு வைத்திருக்கிறது. மூன்று வேளைச் சாப்பாடும் பாலும் போக, மாலைத் தீனியின் பங்கு 100 முதல் 150 கலோரிதான். கிண்ணம் நிறைய வைத்துவிட்டு "சாப்பிடவே மாட்டேங்கிறான்" என்று புலம்பும் வீடுகளில் பெரும்பாலும் கிண்ணம்தான் பெரிது.

முதலில் பிஸ்கட்டின் பக்க நியாயத்தைச் சொல்லிவிடலாம். குளுக்கோஸ் பிஸ்கட் நான்கு எடுத்தால் சுமார் 20 கிராம், 90 கலோரி. மூன்று ரூபாய்க்குள் முடிந்துவிடும், அடுப்பும் வேண்டாம். விலையில் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் புரதம் ஒன்றரை கிராம்கூடத் தேறாது. சர்க்கரை மட்டும் 5 கிராம் போல இருக்கும். இனிப்புச் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டுக்குள், முடிந்தால் 5 விழுக்காட்டுக்குள் நிற்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. நம் 1,000 கலோரிப் பிள்ளைக்கு அந்த 5 விழுக்காடு என்பது 12.5 கிராம். பத்து ரூபாய் மாம்பழ ஜூஸில் 100 மில்லிக்கே 12 முதல் 15 கிராம் வரை இருக்கும். பிஸ்கட்டை எப்போதாவது மன்னிக்கலாம். ஜூஸுக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

இனி வீட்டுச் சரக்கு. விலை கடைக்குக் கடை ஓரிரு ரூபாய் முன்பின் இருக்கும்.

திங்கள்: சின்ன வாழைப்பழம் 6 ரூபாய், ஆவின் நீலப் பாக்கெட் பால் 100 மில்லி 4 ரூபாய். மொத்தம் 130 கலோரி, உரிக்கும் நேரம்தான் செலவு.

செவ்வாய்: ஒரு முட்டை 7 ரூபாய், 6 கிராம் புரதம், அதாவது நாள் தேவையில் பாதி. காலையில் இட்லிப் பானையிலேயே போட்டு அவித்து வைத்தால் தனி கேஸ் இல்லை. கூட அரை வாழைப்பழம், 3 ரூபாய். மீதிப் பாதி யார் வயிற்றுக்குப் போகும் என்று அம்மாக்களுக்குத் தெரியும்.

புதன்கிழமைக் கேழ்வரகுக் கஞ்சிதான் இந்த வாரத்தின் கெட்டிக்காரன். மாவு 20 கிராம் ஒன்றரை ரூபாய், பால் 100 மில்லி 4 ரூபாய், வெல்லம் 5 கிராம் 35 காசு. 14.2 கிலோ சிலிண்டரை 870 ரூபாய் என்று வைத்தால், எட்டு நிமிட அடுப்புக்கு ஒரு ரூபாய்க்குச் சற்று மேல். ஆக 7 ரூபாய், 140 கலோரி. கால்சியம் மாவில் 70, பாலில் 120, கூட்டினால் 190 மில்லிகிராம். நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இந்த விலையில் இவ்வளவு கால்சியம் பிஸ்கட்டிலோ ஜூஸிலோ கிடைக்காது.

வியாழன்: மிஞ்சிய இட்லி மாவு 75 கிராமில் மூன்று குழிப்பணியாரம், துருவிய கேரட், ஒரு ஸ்பூன் எண்ணெய். அடுப்போடு ஆறரை ரூபாய், பத்து நிமிடம். வெள்ளி: மெல்லிய அவல் 25 கிராம், அரை வாழைப்பழம், கொஞ்சம் வெல்லம். 5 ரூபாய். அவல் ஊறும் ஐந்து நிமிடத்தில் பிள்ளைக்குக் கைகால் கழுவிவிடலாம்.

ஐந்து நாள் கூட்டினால் 38 ரூபாய் 50 காசு. தினம் ஒரு ஜூஸ் என்றால் 50. இதை அங்கன்வாடியோடு வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். ஒரு பிள்ளைக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் கொடுக்க 2017இல் அரசு வைத்த அளவு நாளுக்கு 8 ரூபாய். அங்கே எட்டு ரூபாய்க்கு அரை நாள் உணவு. நம் வீட்டில் அது ஒரு வேளைத் தீனி.

சுண்டலை வேண்டுமென்றே பட்டியலில் சேர்க்கவில்லை. 25 கிராம் கொண்டைக்கடலை மூன்று ரூபாய்க்கு 5 கிராம் புரதம் தரும். ஆனால் இந்த வயதுக்குத் தோல் நீக்கி மசித்துத்தான் கொடுக்க வேண்டும். முழு வேர்க்கடலை, முந்திரி நான்கு வயது வரை வேண்டவே வேண்டாம், பொடித்துக் கலக்கலாம். திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள். எதைக் கொடுத்தாலும் உட்காரவைத்துக் கொடுங்கள். ஓடுகிற பிள்ளையின் வாயில் ஊட்டாதீர்கள்.